படுக்கை விரிப்பு வாங்கும் முன் துணிக்கொடியைப் பாருங்கள்

தீபாவளி நெருங்க நெருங்க, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜிட் இந்தியாவிலும் படுக்கை விரிப்புகள் கடைக்குள் இடம் போதாமல் ஐந்தடிக்கு வந்துவிடுகின்றன. பசார் மாலாமில் ஒலிபெருக்கி வைத்தே கூவி விற்கிறார்கள். பண்டிகைக்குப் புதுத்துணி என்றால் ஆளுக்கு மட்டுமன்று. கட்டிலுக்கும் சோபாவுக்கும் சன்னலுக்கும் சேர்த்துத்தான் என்பது நம் வீடுகளின் வழக்கம். தோட்டத்து லயன் வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான், தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகும் அப்படித்தான்.

ஆனால் இந்தக் கட்டுரைக்குக் காரணம் கடைவீதி அல்ல, ஒரு மருத்துவர் கேட்ட கேள்வி.

என் அக்காள் மகனுக்கு ஏழு வயது. சில மாதங்களாக விடியற்காலை மூன்று மணி வாக்கில் எழுந்து உட்கார்ந்து இருமுவான். பகலில் ஒன்றுமே இருக்காது. இருமல் மருந்து, இஞ்சிச்சாறு, தைலம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனோம். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்ட மருத்துவர், மருந்து எழுதுவதற்கு முன்பு, "பிள்ளை எதில் படுக்கிறான்? தலையணை எத்தனை வருஷத்துப் பழசு?" என்று கேட்டார்.

அக்காள் பெருமையாகவே சொன்னார்: "பாட்டி தெச்சுக் குடுத்த கேகாபு தலகாணி டாக்டர். அது இல்லாட்டி இவன் தூங்கவே மாட்டான்."

வெளியே வந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "வீட்டைச் சுத்தமா வெச்சுக்கலேன்னு சொல்லாம சொல்லிட்டாரு" என்றார். நம் பெண்களுக்கு இதைவிடப் பெரிய அவச்சொல் கிடையாது. ஆனால் மருத்துவர் சொன்னது அழுக்கைப் பற்றி அல்ல, ஈரத்தைப் பற்றி.

கண்ணுக்குத் தெரியாத குடித்தனம்

நாம் படுக்கும் மெத்தையிலும் தலையணையிலும் தூசி உண்ணி என்ற சிற்றுயிர் வாழ்கிறது. மலாய் மொழியில் ஹாமா ஹாபுக் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் அளவு. மூட்டைப்பூச்சியைப்போல் அது கடிப்பதில்லை, இரத்தம் குடிப்பதில்லை. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதற்கு உணவு. பிரச்சினை அதன் எச்சத்தில்தான் இருக்கிறது. காய்ந்து பொடியாகும் அந்த எச்சம் மூச்சோடு உள்ளே போகும்போது, ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கடைப்பு, தோல் அரிப்பு, இளைப்பு ஆகியவை வருகின்றன.

இந்த உயிருக்கு வாய் வழியே தண்ணீர் குடிக்கத் தேவையில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பாலேயே இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டிற்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் அது காய்ந்து செத்துவிடும். நம் நாட்டின் மாதச் சராசரி ஈரப்பதமோ 70 முதல் 90 விழுக்காடு. ஆகவே எவ்வளவு கூட்டிப் பெருக்கினாலும் மலேசியாவில் தூசி உண்ணி இல்லாத வீடு என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். வெப்ப மண்டலத்திற்கே உரிய புளோமியா டிராப்பிகாலிஸ் என்ற வகையும் நம் வீடுகளில் பரவலாக உண்டு. இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விரிப்பையும் உறையையும் மாற்றினால் ஆஸ்துமா போய்விடும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர மாட்டார். சிலருக்கு நல்ல பலன் தெரியும், சிலருக்கு அவ்வளவாகத் தெரியாது. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிட்டு மெத்தையை வெயிலில் போடுவது ஆபத்தான வேலை. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இனி கடைக்குப் போகலாம். நிறம், பூ வேலைப்பாடு, விலைக் கழிவு எல்லாவற்றுக்கும் முன்பாக உங்களையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதைக் காலையில் துவைத்து, என் வீட்டிலேயே காயவைத்து, அன்றிரவே விரித்துப் படுக்க முடியுமா? முடியாது என்றால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல. தோட்டத்தில் வாசலோடு நீளமான கொடி கட்டி வெயில் பிடிப்பவருக்குப் பொருந்தும் விரிப்பு, பி.பி.ஆர். வீட்டின் பதினோராவது மாடியில் சன்னலுக்கு வெளியே இரண்டு மூங்கில் கம்பு நீட்டிக் காயப்போடுபவருக்குப் பொருந்தாது.

பஞ்சா, பிளாஸ்டிக்கா?

இன்று முப்பது, நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் விரிப்புகளில் பெரும்பாலானவை மைக்ரோஃபைபர். பெயர் புதிது, பொருள் பழையதுதான். மிக மெல்லிய இழையாக நீட்டப்பட்ட பாலியெஸ்டர் அது. தொட்டால் பூனைக்குட்டிபோல் இருக்கும், சுருங்காது, சாயம் போகாது, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. வழக்கமான அறைக் காற்றில் 100 கிராம் காய்ந்த பருத்தித் துணி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் வாங்குவது அரை கிராம்கூட இல்லை. குளிர்சாதன வசதியில்லாமல் விசிறிக் காற்றில் படுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நடு இரவில் முதுகில் தெரியும்.

பொட்டலத்தின் மேல் இருக்கும் எழுத்துகளைக் கவனமாகப் படியுங்கள். 'காட்டன் டச்', 'காட்டன் ஃபீல்', 'காட்டன் லைக்' என்றெல்லாம் இருந்தால் அதில் காட்டன் இருக்கிறது என்று பொருளல்ல. பெரும்பாலும் இல்லை என்றே பொருள். '100% காட்டன்' அல்லது மலாயில் '100% காப்பாஸ்' என்று இருந்தால் அது பருத்தி. கலப்பு என்றால் விழுக்காட்டைப் போட்டிருப்பார்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் விரிப்பில் சந்தேகம் என்றால், ஓரத்தில் தொங்கும் நூல் ஒன்றைப் பிய்த்து, கழுவும் தொட்டியின் மேல் குறட்டால் பிடித்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் மணந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் மணிபோல் கெட்டியாக நிற்கும்.

அடுத்த மாயம் 'த்ரெட் கவுண்ட்'. ஒரு சதுர அங்குலத் துணியில் உள்ள பாவு நூலையும் ஊடை நூலையும் கூட்டினால் வருகிற எண் அது. ஒரு சதுர அங்குலத்தில் அடைக்கக்கூடிய நூலுக்கு ஓர் எல்லை உண்டு. 1000 என்று அச்சிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? நான்கு புரி சேர்த்து முறுக்கிய ஒரே நூலை நான்காக எண்ணியிருப்பார்கள். உண்மையில் அது 250 நூல்தான். இன்னும் சில பொட்டலங்களில் மைக்ரோஃபைபர் துணிக்கே 1000, 1200 என்று போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் வெப்பத்திற்கு 200 முதல் 400 வரை உள்ள பருத்தி விரிப்பே தாராளம். அதற்கு மேல் போகப் போகத் துணி கனக்கும், காற்று புகாது, காயவும் நேரம் பிடிக்கும்.

நெசவையும் பார்க்க வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று சாதாரணமாக நெய்தது பெர்க்கேல். தொடும்போது சற்று மொரமொரப்பாக இருக்கும், ஆனால் குளுமை. பல நூலைத் தாண்டித் தாண்டி நெய்தது சாட்டின் நெசவு. பளபளப்பும் வழுவழுப்பும் அதில் அதிகம், இழை சீக்கிரம் கிளம்பும். எனக்கு பெர்க்கேல்தான் பிடிக்கும். கல்யாண வீட்டுக் கட்டிலுக்கு எது அழகு என்று கேட்டால் மட்டும் பதில் மாறலாம்.

இந்தியாவிலிருந்து வரும் ஈரோடு, சென்னிமலைப் போர்வைகளும் கரூர் விரிப்புகளும் நம் லிட்டில் இந்தியாக்களில் இன்னமும் கிடைக்கின்றன. கைத்தறியோ விசைத்தறியோ, முதல் இரண்டு சலவையில் சாயம் இறங்கும், ஓரளவு சுருங்கவும் செய்யும். தனியாகத் துவைத்தால் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உழைக்கும். என் பாட்டி வீட்டில் சென்னிமலைப் போர்வை ஒன்று போர்வையாக இருந்து, விரிப்பாகி, பிறகு கால்மிதியாகவும் ஆன பின்தான் ஓய்வு பெற்றது.

அளவு விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது இணையத்தில் வாங்கும்போதுதான். இங்கே விற்கும் மெத்தை சிங்கிள் என்றால் மூன்று அடி அகலம், சூப்பர் சிங்கிள் மூன்றரை, குயின் ஐந்து, கிங் ஆறு. நீளம் எல்லாவற்றுக்கும் ஆறேகால் அடி, அதாவது 190 செ.மீ. வெளிநாட்டு அளவில் தைத்த விரிப்புகள் 200 செ.மீ. நீளம் இருக்கும், நம் மெத்தையில் தொளதொளவென்று கிடக்கும். மெத்தையின் கனத்தையும் அளந்து கொள்ளுங்கள். பருத்தி சுருங்கும் என்பதால், ரப்பர் வைத்துத் தைத்த விரிப்பின் ஆழம் மெத்தையின் கனத்தைவிட இரண்டு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

'கம்ஃபோர்ட்டர்' என்று சொல்லும் பஞ்சு வைத்த கனத்த போர்வைக்கு வருவோம். விரிப்போடு சேர்த்துத் தொகுப்பாகக் கொடுக்கிறார்கள், படத்தில் அழகாக இருக்கிறது, வாங்கிவிடுகிறோம். ஏழு கிலோ சலவை இயந்திரத்தில் அது நுழையாது. எப்படியோ திணித்துத் துவைத்தாலும் நடுப்பஞ்சு இரண்டு நாளைக்குக் காயாது, நான்காம் நாள் புளித்த வாடை வரும். ஆகவே வருடம் முழுவதும் துவைக்காமலேயே போர்த்திக்கொள்கிறோம். கேமரன் மலையில் இருப்பவர்கள் மன்னிக்கட்டும். கிள்ளானிலும் சுங்கைப்பட்டாணியிலும் ஒரு பருத்திப் போர்வை போதும். குளிர்சாதனம் போட்டுப் படுப்பவர்கள் இரண்டை அடுக்கிக்கொள்ளலாம்.

பாட்டியின் கேகாபு

தமிழில் இலவம் பஞ்சு, இங்கே கேகாபு. பழைய உரைகள் பேசும் பஞ்ச சயனத்தில் இலவம் பஞ்சும் ஒன்று. கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டி இருந்த நாளில், காய் வெடிக்கும் பருவத்தில் பொறுக்கி வந்து, குச்சியால் கிளறி விதை பிரித்து, கோதுமை மாவுச் சாக்கை வெளுத்துத் தைத்த உறைக்குள் அடைப்பார்களாம். கடையில் வாங்கும் பேச்சே கிடையாது.

இலவம் பஞ்சு இழை உள்ளே குழலாக வெறுமையாக இருக்கும், மேலே மெழுகு பூசினாற்போல் இருக்கும். அதனால் தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவை அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். தலையணைக்கு இது மிக நல்ல பொருள். ஆனால் இழை முறியும் தன்மையுடையது. சில ஆண்டுகளில் நொறுங்கிப் பொடியாகி, கட்டி தட்டும். தையல் வழியே அந்தப் பொடி வெளியே வரும். சலவை இயந்திரத்தில் போட்டால் கட்டியாகிப் பாழாகும். கழுவ முடியாத இந்தத் தலையணையைப் பாட்டி எப்படிக் காப்பாற்றினார் என்றால், வாரம் தவறாமல் தகரக் கூரைமேல் போட்டார். உச்சி வெயிலில் அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. ஆண்டுக்கொரு முறை பிரித்து, பொடியை உதறி, புதுப்பஞ்சு சேர்த்தார். அக்காள் வீட்டுக்குத் தலையணை மட்டும்தான் வந்தது, தகரக் கூரை வரவில்லை. அதைப் பெருநாளுக்குப் பெருநாள் உறை மாற்றியதோடு சரி.

நம் வீடுகளில் கேகாபு தலையணை வைத்திருப்பவர்கள் தூக்கி எறிய வேண்டாம். இழைகள் நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உள்ளுறை ஒன்றைப் போட்டு, அதன்மேல் வழக்கமான உறையைப் போடுங்கள். வாரம் ஒரு முறை மூன்று நான்கு மணி நேர வெயில் கொடுத்து, மறுபுறம் திருப்பி, வெளியிலேயே தட்டிவிட்டு எடுத்து வாருங்கள். இளைப்பு உள்ள பிள்ளைக்கு மட்டும் இது வேண்டாம். முழுதாகத் துவைக்கக்கூடிய பாலியெஸ்டர் பஞ்சுத் தலையணையே பொருத்தம். ஆம், விரிப்பில் வேண்டாம் என்ற பாலியெஸ்டர் தலையணைக்குள் உதவும். சாதாரணப் பாலியெஸ்டர் தலையணையின் ஆயுளை அறிய, இரண்டாக மடித்துக் கையை எடுங்கள். தானாக நிமிராவிட்டால் அதன் காலம் முடிந்தது.

ரப்பர் தலையணை, அதாவது லேட்டெக்ஸ், இதற்கு நேரெதிர். அதை வெயிலில் போடவே கூடாது. வெயில் பட்டால் ரப்பர் வெடித்து உதிரும். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

துவைப்பதில் இருக்கிறது

விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு முறை துவைக்க வேண்டியவை. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் அழுக்கும் பெருமளவு எச்சமும் போகும். தூசி உண்ணி பெரும்பாலும் சாகாது. அதற்கு 55 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான சுடுநீர் வேண்டும். நம் வீடுகளில் உள்ள இயந்திரங்களில் பலவற்றுக்குச் சுடுநீர் வசதி இல்லை. இங்கேதான் மூலைக்கு மூலை முளைத்திருக்கும் சுயசேவை டோபிக் கடைகள் கைகொடுக்கின்றன. சுடுநீர்த் தெரிவை அழுத்துங்கள். வீட்டில் துவைத்துவிட்டு, உலர்த்தும் இயந்திரத்திற்கு மட்டும் அங்கே கொண்டுபோவதும் ஒரு வழி. துணி காய்ந்த பிறகும் கூடுதலாகக் கால்மணி நேரம் சூட்டில் ஓடவிட்டால் அந்தச் சூடே வேலையைச் செய்துவிடும். மாதம் இரு முறை இப்படிச் செய்து, மற்ற வாரங்களில் வீட்டிலேயே துவைத்து வெயிலில் போட்டால் செலவும் கட்டுக்குள் இருக்கும். சாயத் துணியை உட்புறம் வெளியே வரும்படி காயப்போடுங்கள்.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டும் புகைமூட்ட நாட்களில் வெளியே காயப்போடாதீர்கள். புகையின் நுண்துகள் முழுவதும் தலையணை உறையில் படியும். அந்த நாட்களில் வீட்டுக்குள் விசிறிக்கு அடியில் போடலாம், டோபிக்கும் போகலாம். ஆண்டு இறுதி மழைக்காலத்தில் பாதி காய்ந்ததை மடித்து வைப்பதால்தான் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணப் புள்ளி வருகிறது. வந்துவிட்டால் வெளியில் வைத்து உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஆக்சிஜன் வகை வெளுப்பான் கரைத்த வெந்நீரில் ஊறவையுங்கள். குளோரின் வெளுப்பான் வெள்ளைப் பருத்திக்கு மட்டும், அதுவும் நன்றாக நீர் கலந்து. அதோடு வினிகரையோ கழிவறைத் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

நம் வீட்டுக் கறைகள் தனி ரகம். எண்ணெய்க் குளியலுக்குப் பின் தலையணை உறையில் இறங்கும் நல்லெண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு துவைக்க வேண்டும். கறை போகாமல் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் அது நிலைத்துவிடும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. துவைத்து உச்சி வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டால் வெளிச்சமே அதை வெளுத்துவிடும்.

துவாலைக்கு 'சாஃப்ட்னர்' ஊற்றாதீர்கள். அது இழைமேல் பூச்சாகப் படிந்து, துடைத்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும். (தமிழில் துவாலை, மலாயில் துவாலா. இரண்டுமே போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல்தான்.) சோப்புத்தூள் அளவைக் குறைத்து, கூடுதலாக ஒரு முறை அலசினாலே துவாலை மெதுவாகும்.

மெத்தையை வாரம்தோறும் துவைக்க முடியாது. ஆகவே அதற்குத் துவைக்கக்கூடிய உறை ஒன்று வேண்டும். ஆனால் கடையில் போர்த்தி வந்த பிளாஸ்டிக்கைக் கழற்றாமல் அதன்மேல் விரித்துப் படுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 'புதுசு கெடக்கூடாது' என்று வைக்கிறோம். வியர்வை கீழே இறங்க வழியில்லாமல், பிளாஸ்டிக்கின் இரு பக்கமும் ஈரம் தங்கி, மெத்தை உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கிறது. காலையில் எழுந்ததும் உடனே விரிப்பை இழுத்து மூடி அழகு பார்க்காமல், ஒரு மணி நேரம் திறந்து போட்டுச் சன்னலைத் திறந்து வைத்தால் இரவு ஈரம் போய்விடும்.

வாசலுக்கு வரும் லாரி

தோட்டங்களிலும் தாமான்களிலும் லாரியில் வந்து மெத்தை விற்பவர்களிடம் பழைய மெத்தைக்குப் புதுத்துணி போர்த்தியதும் கலந்து வருவதுண்டு. ஓரத் தையலை அழுத்திப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள். முதுகுவலியையும் இனிப்புநீரையும் குணப்படுத்தும் என்று ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கும் காந்த மெத்தைகளுக்கும் இதே பதில்தான். என் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அப்படி ஒன்றுக்குத் தவணை கட்டிவிட்டு, இனிப்புநீர் மருந்தையும் நிறுத்திவிட்டார். மருந்தை மீண்டும் தொடங்க வைப்பதற்குள் காலில் புண் வந்துவிட்டது.

வீடு வீடாகச் சென்று விற்பதற்கு 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். அவ்வாறு செய்த ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்ய வாங்கியவருக்கு அவகாசமும் உண்டு. மனம் மாறினால் பத்து நாள் முடிவதற்குள் எழுத்து மூலம் ரத்துக் கடிதம் கொடுத்துவிடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கடையிலோ இணையத்திலோ ஏமாந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்கிறார்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் அது இயங்குகிறது.

பீரோவில் இருக்கும் உருண்டை

கடைசியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையிலேயே அவசரமானது.

பெருநாள் முடிந்ததும் நல்ல விரிப்புகளை மடித்து, நடுவில் பாச்சை உருண்டை போட்டு பீரோவில் வைக்கிறோம். அந்த வெள்ளை உருண்டைகளில் பல நாஃப்தலீனால் ஆனவை. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாடை தலைவலியோடு போய்விடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அப்படியல்ல. சிவப்பு அணுக்களைக் காக்கும் நொதி அது. அது குறைவாக உள்ள குழந்தை நாஃப்தலீன் வாடையைச் சுவாசித்தாலோ, அந்த வாடை ஏறிய துணியில் படுத்தாலோ சிவப்பு அணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அது மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். பரம்பரையாக வருவது இது. ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது. நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதித்துப் பெற்றோரிடம் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? பீரோவிலிருந்து பழைய சேலையை எடுத்துத் தொட்டில் கட்டுகிறோம்.

குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் பாச்சை உருண்டையே வேண்டாம். உருண்டையோடு இருந்த துணியைத் துவைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பச்சைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். உருண்டை படாத துணியாகத் தேடி எடுங்கள். விரிப்புகளை மொறுமொறுவென்று காயவைத்து, சூடு ஆறிய பின் மடித்து, பீரோவின் சுவரை ஒட்டாமல் அடுக்கினாலே பூச்சி அண்டாது. மாதம் ஒரு முறை பீரோவைத் திறந்து விசிறிக் காற்று காட்டினால் இன்னும் நல்லது. ஒரு வயது ஆகும்வரை குழந்தைக்குத் தலையணையும் கனத்த போர்வையும் தேவையில்லை. மூச்சுத் திணற வைக்கும் என்பதால் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

அக்காளுக்குத் தீபாவளி முடிந்து சில வாரங்களில் இரண்டாவது பிரசவம். தொட்டிலுக்கென்று பெரியம்மா ஆறு நூல் சேலைகளை வருடக்கணக்கில் பாதுகாத்து வைத்திருந்தார். பீரோவைத் திறந்ததும் அந்த வாடை கூடம் வரை வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "சரி, அத நான் கட்டிக்கிறேன்" என்று அவரே முடித்து வைத்தார். இப்போது தன் அன்றாடச் சேலைகளில் நன்றாக நைந்த இரண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். பையன் புதுத் தலையணைக்கு மாறிவிட்டான். இரவில் எழுவது குறைந்திருக்கிறது, இன்ஹேலர் தொடர்கிறது. பாட்டியின் கேகாபு தலையணை பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே பின்வாசலில் தகரக் கூரை இருக்கிறது.